லோக்கல் சர்வர் மக்கர் பண்ணும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப் ஆப், மொபைல் ஆப் எழுதுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பலமுறை நானே தலையைப் பிய்த்துக்கொண்டவைதான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக் கணினியில் சோதனைக்காக ஓட்டும் சர்வர், அதாவது லோக்கல் சர்வர், தகராறு செய்யும்போது நாம் உடனே நம் நிரலைச் சந்தேகிக்கிறோம். ஆனால் பல நேரம் அங்கே ஓடிக்கொண்டிருப்பது நம் நிரலே இல்லை. நேற்று தொடங்கிய புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பதில் சொல்லும், அல்லது பிரவுசர் பத்திரப்படுத்தி வைத்த பழைய பக்கம் வந்து நிற்கும். அதனால் "ஏன் வேலை செய்யவில்லை" என்பதற்கு முன்னால் "எனக்குப் பதில் சொல்வது யார்" என்று கேட்டுப் பழகுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன.

சர்வரைத் தொடங்கினால் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று வருகிறது. என்ன அர்த்தம்?

நீங்கள் கேட்ட போர்ட்டில், அதாவது கணினிக்குள் அழைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசலில், ஏற்கெனவே ஒரு புராசஸ் உட்கார்ந்திருக்கிறது. அது பெரும்பாலும் நீங்கள் நிறுத்திவிட்டதாக நினைத்த உங்கள் சர்வராகவே இருக்கும்.

இதில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு, கன்ட்ரோல் சி அழுத்துவதற்குப் பதில் கன்ட்ரோல் இசட் அழுத்துவது. டெர்மினலில் இரண்டுக்கும் அப்புறம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், கட்டளை வரி திரும்பி வந்துவிடும். ஆனால் கன்ட்ரோல் இசட் சர்வரை நிறுத்துவதில்லை, தூங்க வைக்கிறது. தூங்குகிற சர்வர் போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டேதான் தூங்கும். அதே டெர்மினலில் ஜாப்ஸ் என்று தட்டிப் பாருங்கள். "ஸ்டாப்டு" என்ற குறிப்போடு உங்கள் சர்வர் தெரிந்தால் எஃப்ஜி என்று தட்டி முன்னால் கொண்டுவந்து, ஒழுங்காகக் கன்ட்ரோல் சி கொடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மேக், லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் போர்ட் எண்ணைக் கொடுத்தால் புராசஸின் பெயரும் எண்ணும் வரும். விண்டோஸில் நெட்ஸ்டாட் கொடுத்துப் புராசஸ் எண்ணை எடுத்து, டாஸ்க் மேனேஜரில் பொருத்திப் பாருங்கள். யார் என்று தெரியாமல் கொல்லாதீர்கள். எடுத்த எடுப்பில் கில் 9 (உடனே வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) போடுவதும் கெட்ட பழக்கம். முதலில் சாதாரணக் கில் கொடுத்தால் அந்தப் புராசஸ் தன் வேலையை முடித்துக்கொண்டு, தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிட்டுப் போக வழி இருக்கும். டேட்டாபேஸ் என்றால் இது இன்னும் முக்கியம்.

போர்ட்டில் யாருமே இல்லை. ஆனாலும் "பெர்மிஷன் டினைடு" என்கிறது.

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்களைத் திறக்க வழக்கமாகத் தனி உரிமை வேண்டும். 80-ஐ விட்டுவிட்டு 8080-க்குப் போங்கள். விண்டோஸில் வேறொரு காரணம் உண்டு: ஹைப்பர்-வி (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர்க் கணினியை ஓட்டும் வசதி) ஓடும் கணினிகளில் சில போர்ட் வரிசைகள் மொத்தமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். நெட்ஸ்டாட்டில் அந்த ஒதுக்கீடு தெரியாது. நெட்எஸ்எச் கருவியில் விலக்கப்பட்ட போர்ட் வரிசைகளைக் கேட்டால் பட்டியல் வரும். உங்கள் எண் அதற்குள் இருந்தால் வேறு எண்ணுக்கு மாறுவதே சுலபம்.

மேக்கில் 5000 போர்ட்டைத் திறந்தால் 403 வருகிறது. என் நிரலில் 403 என்ற எண்ணே இல்லை!

403 என்றால் அனுமதி மறுப்பு. உங்களுக்குப் பதில் சொல்வது ஏர்ப்ளே, அதாவது மற்றக் கருவிகளின் படத்தையும் ஒலியையும் மேக்கில் வாங்கும் வசதி. 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து மேக்கின் ஏர்ப்ளே ரிசீவர் 5000, 7000 ஆகிய போர்ட்களில் உட்கார்ந்துகொள்கிறது. பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிளாஸ்க்கின் இயல்பான போர்ட்டும் 5000 என்பதால் இந்த மோதல். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் அந்தப் பதிலோடு வரும் குறிப்பு வரிகளான ஹெடர்களைத் திறந்து சர்வர் என்ற வரியைப் பாருங்கள், "ஏர்டியூன்ஸ்" என்று இருக்கும். கணினி அமைப்புகளில் ஏர்ப்ளே ரிசீவரை அணைக்கலாம், இல்லை 5001-க்கு மாறலாம். விளங்காத பதில் எதுவாக இருந்தாலும் அந்தச் சர்வர் வரியைப் பார்த்துவிடுங்கள்.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்", "டைம்டு அவுட்" இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பல மணி நேரம் மிச்சம்.

கதவைத் தட்டுகிறீர்கள். உள்ளேயிருந்து "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று உடனே குரல் வந்தால் அது ரெஃப்யூஸ்ட். கணினி உயிரோடு இருக்கிறது, நீங்கள் அதை எட்டிவிட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க ஒரு புராசஸும் இல்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது, அல்லது வேறு முகவரியில் மட்டும் கேட்கிறது. தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், சத்தமே இல்லை என்றால் அது டைம் அவுட். பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல்) நீங்கள் அனுப்பிய தரவுப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது ஐபி முகவரியே தவறு. முதலாவதற்குச் சர்வரைப் பாருங்கள், இரண்டாவதற்கு வழியைப் பாருங்கள்.

502 வந்தால் கதை வேறு. முன்னால் நின்று அழைப்பை வாங்கிக் கடத்தும் பிராக்ஸி நன்றாக இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் உங்கள் ஆப்தான் செத்துக் கிடக்கிறது அல்லது புரியாத பதில் தருகிறது.

லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-ம் ஒன்றுதானே? ஒன்றில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை.

லோக்கல்ஹோஸ்ட் என்பது இதே கணினியைக் குறிக்கும் பெயர். அது பழைய வகையான ஐபிவி4 முகவரி 127.0.0.1 ஆகவும் மாறலாம், புதிய வகையான ஐபிவி6 முகவரி ::1 ஆகவும் மாறலாம். உங்கள் சர்வர் 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, அழைப்பவர் ::1-க்குப் போனால் ரெஃப்யூஸ்ட்தான்.

பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் கருவியான நோட்டின், 2021 அக்டோபரில் வந்த 17 பதிப்பில் இது பலரைப் படுத்தியது. அதுவரை நோட் ஐபிவி4 முகவரியை முன்னால் நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. 17-இலிருந்து கணினி எந்த வரிசையில் தருகிறதோ அப்படியே எடுத்துக்கொள்கிறது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறாமல், நோட் பதிப்பை ஏற்றியதும் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துபோனதற்கு இதுதான் காரணம். எரர் வரியில் ::1 என்று கண்ணில் பட்டால் கட்டமைப்புக் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துவிட்டு 127.0.0.1 என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று: பிரவுசரைப் பொறுத்தவரை இவை இரண்டும் இரண்டு தனித்தனித் தளங்கள். ஒன்றில் லாகின் செய்துவிட்டு இன்னொன்றைத் திறந்தால், லாகினை நினைவில் வைக்கும் குக்கி வராது.

கணினியில் திறக்கிறது. அதே வைஃபையில் இருக்கும் போனில் திறக்கவில்லை.

இதற்கு ஒரே பதில் கிடையாது, வரிசையாகப் பார்க்க வேண்டும்.

சர்வர் எந்த முகவரியில் கேட்கிறது என்பதுதான் முதல் கேள்வி. டெவலப்மென்ட் சர்வர்கள் பல, பாதுகாப்புக்காக 127.0.0.1-இல் மட்டும் கேட்கும். அதாவது வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பும் அவற்றின் காதில் விழாது. சர்வரை 0.0.0.0 முகவரியில், அதாவது கணினியின் எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி, தொடங்கச் சொல்லுங்கள். வீட் (முகப்பு நிரலுக்கான கருவி), ஜாங்கோ (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவுவது), ஃபிளாஸ்க் எல்லாவற்றிலும் அதற்கு ஹோஸ்ட் அமைப்பு உண்டு. ஜாங்கோவில் கூடுதலாக, அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட்களின் பட்டியலில் உங்கள் ஐபியைச் சேர்க்காவிட்டால் 400 (தவறான கோரிக்கை) வரும். பொது வைஃபையில் இதையெல்லாம் செய்யாதீர்கள். டீபக் நிலையில் (பிழை தேடுவதற்கான நிலை) ஓடும் சர்வரை ஊருக்கே திறந்து வைத்த மாதிரி ஆகும்.

அப்புறம் போனில் என்ன முகவரி தட்டினீர்கள்? போனில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது போன்தான், உங்கள் கணினி இல்லை. கணினியின் 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும். அதற்கும் டைம் அவுட் ஆனால் கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள். விருந்தினர் வைஃபையாக இருந்தால், இணைந்திருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்திருக்கலாம்.

எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலிப் போன்) என்றால் வேறு கணக்கு. ஆண்ட்ராய்டு எமுலேட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க் வைத்திருக்கிறது, அதற்குள்ளிருந்து உங்கள் கணினியின் லோக்கல்ஹோஸ்ட்டை எட்ட 10.0.2.2 என்ற முகவரி. ஐபோன் சிமுலேட்டர் மேக்கின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொள்வதால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் அப்படியே வேலை செய்யும். யுஎஸ்பியில் செருகிய ஆண்ட்ராய்டு போனுக்கு ஏடிபி (ஆண்ட்ராய்டைக் கணினியிலிருந்து இயக்கும் கருவி) தரும் ரிவர்ஸ் கட்டளைதான் என் விருப்பம். போனின் ஒரு போர்ட்டைக் கணினியின் போர்ட்டோடு கோர்த்துவிடும், வைஃபையே தேவையில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்துபோய் அரை மணி நேரம் வேறெங்கோ தேடியிருக்கிறேன்.

பிரவுசரில் வருகிறது, ஆப்பில் மட்டும் வரவில்லையா? ஆண்ட்ராய்டு 9-ஐ இலக்காக வைத்து எழுதிய ஆப்களிலிருந்து, மறையாக்கம் இல்லாத எச்டிடிபி இயல்பாகவே தடுக்கப்படுகிறது. டெவலப்மென்ட் பில்டுக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட ஆப்புக்குத் தனி அனுமதி வேண்டும். முதல் தடவை கேட்கும்போது அவசரத்தில் "வேண்டாம்" அழுத்தியிருந்தால் அமைப்புகளுக்குப் போய்த்தான் மாற்ற முடியும்.

எல்லாம் சரியாகித் தளமும் திறந்துவிட்டது, கேமரா மட்டும் வரவில்லை என்று சிலர் வருவார்கள். கேமரா, இருப்பிடம், சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடி, பக்கங்களைப் பத்திரப்படுத்தித் தரக்கூடிய நிரல்) போன்றவற்றைப் பிரவுசர் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு மட்டுமே தரும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு எச்டிடிபி இருந்தாலும் சலுகை உண்டு, 192.168 முகவரிக்குக் கிடையாது. மேலே சொன்ன ஏடிபி வழியில் போனிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே திறப்பதால் இந்தச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

டாக்கருக்குள் ஓடும் ஆப், டேட்டாபேஸைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது.

டாக்கர் நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டுகிறது. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கம்போஸில் பக்கத்து கன்டெய்னரை அதன் சேவைப் பெயரால் கூப்பிட வேண்டும்.

அதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. போர்ட் வரியில் 5433:5432 என்று எழுதியிருக்கிறீர்கள். இடப்பக்கம் இருப்பது உங்கள் கணினியின் போர்ட், வலப்பக்கம் கன்டெய்னருக்குள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கேட்கும் போர்ட். உங்கள் கணினியிலிருந்து 5433-இல் இணைவீர்கள். ஆனால் இன்னொரு கன்டெய்னரிலிருந்து இணையும்போது 5432 என்றுதான் கொடுக்க வேண்டும். கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேசும்போது அந்த இடப்பக்க எண்ணுக்கு வேலையே இல்லை.

நிரலை மாற்றிச் சேமித்துவிட்டேன். பிரவுசரில் ஒரு மாற்றமும் இல்லை.

ஒருமுறை தலைப்பு எழுத்தின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சையாக மாற்ற இரண்டு மணி நேரம் போராடினேன். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸின் முன்னுரிமையைச் சந்தேகித்தேன், பிரவுசர் பத்திரப்படுத்திய நகல்களான கேஷைத் துடைத்தேன், பிரவுசரையே மாற்றினேன். கடைசியில் வெறுத்துப்போய், அந்தக் கோப்பின் முதல் வரியில் வாய்க்கு வந்ததைத் தட்டிச் சேமித்தேன். சர்வர் கண்டுகொள்ளவே இல்லை, பக்கம் ஜம்மென்று நீலமாகத் திறந்தது. அப்போதுதான் உறைத்தது. போன வாரம் ஏதோ சோதனைக்காக அந்த ஃபோல்டரை நகல் எடுத்திருந்தேன். எடிட்டரில் திறந்திருப்பது நகல், சர்வர் ஓடுவது மூலத்திலிருந்து.

அன்றிலிருந்து இதுதான் என் முதல் சோதனை. மாற்றம் தெரியவில்லை என்றால் கோப்பை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஒரு அடைப்புக்குறியை அழித்துச் சேமியுங்கள். சர்வர் அலறினால் சரியான கோப்பில்தான் இருக்கிறீர்கள், இனிமேல் கேஷ், சிஎஸ்எஸ் என்று தேடலாம். அலறவில்லை என்றால் அந்தக் கோப்பு ஓடவே இல்லை, அதற்குள் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீண். பத்து விநாடி வேலை இது.

கோப்பு சரிதான் என்றால் அடுத்த சந்தேகம் சர்வீஸ் வொர்க்கர். போன வருடம் நீங்கள் லோக்கல்ஹோஸ்ட்:3000-இல் ஓட்டிய வேறொரு ஆப் ஒரு சர்வீஸ் வொர்க்கரைப் பதிவு செய்திருக்கலாம். பிரவுசருக்குத் தெரிந்ததெல்லாம் முகவரி மட்டும்தான், அங்கே இப்போது வேறு ஆப் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. பழைய ஆப்பின் பக்கத்தை எடுத்து நீட்டும். டெவலப்பர் கருவிகளில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் அதை நீக்குங்கள். மறைநிலைச் சன்னலில் சரியாக வந்து, சாதாரணச் சன்னலில் மட்டும் பழசு வந்தால் பெரும்பாலும் இதுவோ கேஷோதான். டெவலப்பர் கருவிகளை எப்போதும் "டிசேபிள் கேஷ்" குறியிட்டே வைத்திருப்பேன். அது கருவிகள் திறந்திருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும்.

நேற்று வரை சேமித்தவுடன் தானாகப் புதுப்பித்தது. இன்று இல்லை.

லினக்ஸில் கோப்புகளைக் கண்காணிக்க ஒரு உச்சவரம்பு உண்டு. பழைய கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) அது இயல்பாக 8192. பெரிய புராஜெக்ட்டில் இது சட்டென்று தீர்ந்துவிடும். அப்போது வரும் எரரின் பெயர் வட்டில் இடமில்லை என்று சொல்வது போல இருக்கும், வட்டைப் போய்ப் பார்த்து ஏமாறாதீர்கள். கெர்னல் 5.11-இலிருந்து நினைவகத்தைப் பொறுத்து இந்த எண் தானாகக் கூடுகிறது. பழையதில் கையால் கூட்ட வேண்டும்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வைத்திருந்து, கோப்புகள் விண்டோஸ் டிரைவில் கிடந்தால் மாற்றச் செய்தி லினக்ஸ் பக்கம் வந்து சேராது. புராஜெக்ட்டை லினக்ஸ் பக்கத்து ஃபோல்டருக்கே நகர்த்திவிடுங்கள். வேகமும் கூடும். நகர்த்த முடியாவிட்டால், கோப்பு மாறியதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் போலிங் முறைக்கு மாறலாம், ஆனால் கணினி சூடாகும்.

டாட் என்வ் கோப்பில் மதிப்பை மாற்றினேன், ஆப் பழையதையே படிக்கிறது.

டாட் என்வ் என்பது ஆப்பின் அமைப்புகளைச் சூழல் மாறிகளாக எழுதி வைக்கும் கோப்பு. அதை மாற்றியபின் சர்வரை நிறுத்தித் தொடங்கினீர்களா? சூழல் மாறிகள் பெரும்பாலும் தொடக்கத்தில் ஒருமுறைதான் படிக்கப்படும். தொடங்கியும் மாறவில்லை என்றால், அதே பெயர் உங்கள் டெர்மினலிலேயே ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டின் டாட்என்வ் நூலகம், ஏற்கெனவே இருக்கும் மாறியின் மேல் இயல்பாகக் கை வைக்காது. எப்போதோ எக்ஸ்போர்ட் செய்த மதிப்பு கோப்பை வென்றுவிடும்.

வீட் கருவியில் பிரவுசர் பக்கத்துக்குத் தெரிய வேண்டிய பெயர்கள் "வீட்" என்ற முன்னொட்டோடு தொடங்க வேண்டும். அப்படித் தெரிவதெல்லாம் பயனரின் பிரவுசருக்கே போய்விடும், ரகசியச் சாவியை அங்கே வைத்துவிடாதீர்கள். அப்புறம் "ஃபால்ஸ்" என்று எழுதினாலும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அது ஐந்து ஆங்கில எழுத்துகள் கொண்ட சரம், காலியாக இல்லாத சரத்தை அது உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். டீபக்கை அணைத்துவிட்டேன், இன்னும் எரிகிறதே என்பவர்கள் இதைப் பாருங்கள்.

போஸ்ட்மேனில் பதில் வருகிறது, பிரவுசரில் கார்ஸ் எரர்.

ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் பதிலைப் படிக்கலாமா என்று சொல்லும் விதிதான் கார்ஸ். அந்தத் தடுப்பு பிரவுசரின் வேலை. பிரவுசர் இல்லாமலே சர்வரை அழைத்துப் பார்க்கும் கருவிகளான போஸ்ட்மேனுக்கும் கர்லுக்கும் அந்தக் கவலை கிடையாது. அதனால் போஸ்ட்மேனில் வந்தால் சர்வர் சரி என்று முடிவுகட்ட முடியாது.

ஒரே தளம் என்று சொல்ல நெறிமுறை, ஹோஸ்ட், போர்ட் மூன்றும் பொருந்த வேண்டும். 3000-இல் முகப்பும் 8000-இல் ஏபிஐயும் (முகப்புக்குத் தரவு தரும் சர்வர் பகுதி) ஓடினால் பிரவுசருக்கு அவை இரண்டு தளங்கள். ஜேசான் (தரவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) அனுப்பும்போதோ, அங்கீகார ஹெடர் சேர்க்கும்போதோ பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் அழைப்பு ஒன்றை முன்னோட்டமாக அனுப்பும். அதில் லாகினைக் காட்டும் டோக்கன் இருக்காது. உங்கள் லாகின் சோதனை அந்த முன்னோட்டத்தையும் பிடித்து 401 (லாகின் இல்லை) கொடுத்து அனுப்பிவிட்டால், உண்மையான அழைப்பு கிளம்பவே கிளம்பாது. கார்ஸ் கையாளும் பகுதியை லாகின் சோதனைக்கு முன்னால் வையுங்கள்.

அனுமதித்த முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு ஒட்டியிருந்தாலும் பொருந்தாது. குக்கியோடு அனுப்பும் அழைப்புகளுக்கு, எல்லோருக்கும் அனுமதி என்று சொல்லும் நட்சத்திரக் குறி செல்லாது, முழு முகவரியைச் சொல்ல வேண்டும்.

கார்ஸே இல்லாமல் கார்ஸ் எரர் வருவதும் உண்டு. சர்வர் உள்ளே 500 (சர்வர் பிழை) ஆகி விழுகிறது, விழும் வேகத்தில் கார்ஸ் ஹெடர்களை ஒட்டாமலே பதிலை அனுப்புகிறது. கன்சோலில் பெரிதாகத் தெரிவது கார்ஸ். உண்மையான காரணம் சர்வர் டெர்மினலில் யாரும் பார்க்காமல் கிடக்கும். எப்போதும் அந்தச் சன்னலையும் ஒரு பார்வை பாருங்கள். லோக்கல் வேலைக்கு டெவலப்மென்ட் சர்வரிலேயே பிராக்ஸி வைத்து, ஏபிஐ அழைப்புகளை அது வழியாக அனுப்புவதுதான் எனக்குப் பிடித்தது. தொல்லையே இல்லை. பிரவுசரின் பாதுகாப்பை அணைக்கும் நீட்சிகளைப் போட்டுக்கொண்டு, பிறகு வெளியீட்டு நாளன்று விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஆப்பை ஒரே நேரத்தில் ஓட்டினால் லாகின் மாறி மாறிப் போய்விடுகிறது.

கார்ஸ் போர்ட்டையும் பார்க்கும், குக்கி போர்ட்டைப் பார்ப்பதில்லை. 3000-இல் ஓடும் ஆப்பும் 4000-இல் ஓடும் ஆப்பும் ஒரே பெயரில் செஷன் குக்கி வைத்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். குக்கிப் பெயரை மாற்றுங்கள். அல்லது லோக்கல்ஹோஸ்ட்டுக்கு முன்னால் ஒரு பெயரும் புள்ளியும் சேர்த்துத் திறங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அதைத் தாமாகவே உங்கள் கணினிக்கு அனுப்பும், குக்கிகளும் தனித்தனியாகிவிடும்.

பிரவுசர் தானாகவே எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவுகிறது.

எப்போதோ ஒரு 301 (நிரந்தரமாக முகவரி மாறியது என்ற பதில்) அனுப்பியிருப்பீர்கள், பிரவுசர் அதை மனப்பாடம் செய்துவிட்டது. சோதிக்கும்போது 302 (தற்காலிக மாற்றம்) பயன்படுத்துங்கள். ஹோஸ்ட் பெயருக்கு டாட் டெவ் என்ற முடிவு வைத்திருந்தால் அது வேறு: அந்த முடிவு முழுவதும் பிரவுசர்களின் கட்டாய எச்டிடிபிஎஸ் பட்டியலில் இருக்கிறது, தப்பிக்க முடியாது. சோதனைக்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்ட டாட் டெஸ்ட் இருக்கிறது, அதற்கு மாறுங்கள்.

பிரேக்பாயிண்ட் வைத்தேன், நிற்கவே இல்லை.

பிரேக்பாயிண்ட் என்பது ஓடும் நிரலைக் குறிப்பிட்ட வரியில் நிறுத்த வைக்கும் புள்ளி. விஎஸ் கோட் எடிட்டரில் அந்தப் புள்ளி சிவப்பாக நிறைந்திருக்கிறதா, சாம்பல் நிறத்தில் வெறும் வளையமாக இருக்கிறதா? வளையம் என்றால் டீபக்கர் (பிழை தேடும் கருவி) உங்கள் கோப்பை, ஓடும் நிரலோடு பொருத்திப் பார்க்க முடியாமல் நிற்கிறது. டைப்ஸ்கிரிப்ட் என்றால் சோர்ஸ் மேப் (நீங்கள் எழுதிய வரியை ஓடும் வரியோடு பொருத்தும் கோப்பு) உருவாகிறதா, பில்டு பழசாகக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

சிவப்பாக இருந்தும் நிற்கவில்லை என்றால் டீபக்கர் வேறு புராசஸைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஃபிளாஸ்க்கும் ஜாங்கோவும் தானாகப் புதுப்பிக்கும் வசதிக்காக இரண்டு புராசஸ்களாக ஓடும்: ஒன்று காவல், இன்னொன்று வேலை. டீபக்கர் காவல்காரனோடு ஒட்டிக்கொண்டால் வேலைக்காரன் பிரேக்பாயிண்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பான். டீபக் செய்யும்போது அந்தப் புதுப்பிக்கும் வசதியை அணையுங்கள். தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும் பிழை என்றால் நோட்டில் இன்ஸ்பெக்ட் பிரேக் என்ற வடிவம் உண்டு, முதல் வரியிலேயே நின்று உங்களுக்காகக் காத்திருக்கும்.

கன்சோலில் பொருளை (ஆப்ஜெக்ட்டை) அச்சிட்டால் மதிப்பு தெரிகிறது. அடுத்த வரியில் எடுத்தால் இல்லை என்கிறது!

கன்சோல் பொய் சொல்லவில்லை, தாமதமாகச் சொல்கிறது. பொருளின் பக்கத்தில் உள்ள முக்கோணத்தை அழுத்தி விரிக்கும்போது தெரிவது, விரித்த நொடியில் இருக்கும் நிலை. அச்சிட்ட நொடியில் இருந்தது இல்லை. நீங்கள் மவுஸை நகர்த்தி அழுத்துவதற்குள் ஏபிஐ பதில் வந்து பொருள் நிரம்பிவிட்டது. குரோமில் பக்கத்தில் ஒரு சின்ன ஐ குறி இருக்கும், அதன் மேல் மவுஸை வைத்தால் இதையே சொல்லும். ஜேசான் சரமாக மாற்றி அச்சிடுங்கள், அந்த நொடியின் நிலை உறைந்து நிற்கும்.

டீபக்கரில் ஓட்டினால் பிழை மறைந்துவிடுகிறது.

நேரப் பிரச்சினை. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன, டீபக்கர் ஒன்றை நிறுத்தி வைத்ததும் மற்றது முடித்துவிடுகிறது. இங்கே பிரேக்பாயிண்ட் உதவாது. நடப்பதை மில்லி விநாடியோடு பதிவாக எழுதி வரிசையைப் பாருங்கள். அல்லது நேர்மாறாக, சந்தேகப்படும் இடத்தில் ஒரு விநாடி தாமதம் சேர்த்துப் பிழையை வரவழையுங்கள். எப்போதாவது வந்த பிழை எப்போதும் வந்தால் பாதி முடிந்தது.

என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் விழுகிறது.

கோப்புப் பெயர்களின் எழுத்து அளவைப் பாருங்கள். மேக்கும் விண்டோஸும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை இயல்பாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் கறாராகப் பார்க்கும். அடுத்து, நேர மண்டலம். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2024-03-05 என்று தேதியை மட்டும் கொடுத்தால் அது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு. நேரத்தையும் சேர்த்து, மண்டலம் குறிப்பிடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம். தேதி ஒரு நாள் முன்னால் போய்விட்டது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வேறுபாடு இருக்கும்.

போன வாரம் ஓடியது. எது உடைத்தது என்று தெரியவில்லை.

நிரலின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு: கிட் பைசெக்ட். ஓடிய ஒரு கமிட்டையும் (வரலாற்றில் பதிந்த ஒரு மாற்றம்) ஓடாத ஒரு கமிட்டையும் சொன்னால் அது நடுவில் ஒன்றை எடுத்துத் தரும். ஓடுகிறதா, இல்லையா என்று மட்டும் பதில் சொல்லுங்கள். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துக் கேள்வியில் முடிந்துவிடும். சோதனை ஸ்கிரிப்ட் ஒன்று கொடுத்துவிட்டால் அதுவே ஓட்டிக் கண்டுபிடித்துவிடும்.

எதுவும் புரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப நிறுவட்டுமா?

செய்யலாம், ஆனால் அழிப்பதற்கு முன்னால் எரரை முழுசாக ஒரு கோப்பில் நகலெடுத்து வையுங்கள். மேலே இருக்கும் முதல் எரரைத்தான் சொல்கிறேன், கடைசியில் சிவப்பாக நிற்பது பெரும்பாலும் அதன் விளைவுதான். நிறுவிய நூலகங்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழிப்பதில் தப்பில்லை. நூலகங்களின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பை அதோடு சேர்த்து அழிப்பதுதான் தப்பு. அழித்தால் நூறு நூலகங்களின் பதிப்பு ஒரே நேரத்தில் மாறலாம், அப்புறம் பழைய பிழையோடு புதிய பிழைகளும் வந்து சேரும். லாக் கோப்பை வைத்துக்கொண்டு என்பிஎம் சிஐ கட்டளையைக் கொடுங்கள், அதில் எழுதியிருக்கும் பதிப்புகளையே அப்படியே நிறுவும். நோட் பதிப்பையும் ஒருமுறை பாருங்கள். வெப்பேக் 4 (நிரல் கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் கருவி) இருக்கும் பழைய புராஜெக்ட்டை நோட் 17-இலோ அதற்கு மேலோ ஓட்டினால் பெரும்பாலும் ஓபன்எஸ்எஸ்எல் எரர் வரும், எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அது போகாது.